மழையில் நனைந்த அலைகள்

வாசகிகளே! உங்கள் வீட்டுக்காரருக்குச் சீட்டாட்டத்தில் பைத்தியம் இருக்கலாம். கிரிக்கெட்டில் இருக்கலாம். பழைய தபால் தலைகளில் இருக்கலாம். அதை நினைத்து நீங்கள் என்றைக்காவது கண்ணைக் கசக்கியிருந்தால், இனிமேல் கசக்காதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது ஒன்றுமேயில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஒரு 'ஹாம்'.

தின்பண்டம் அல்ல. தாமே ஒரு ரேடியோ நிலையம் வைத்துக்கொண்டு, உலகத்தில் எங்கேயோ இருக்கும் இன்னொருவரோடு ஆகாய மார்க்கமாகப் பேசுகிறவருக்கு அப்படிப் பெயர். சர்க்கார் இதற்குப் பரீட்சை வைத்து, லைசென்ஸ் கொடுத்து, வி.யு. என்று ஆரம்பிக்கும் ஓர் அடையாளப் பெயரையும் சூட்டுகிறது. அதற்கப்புறம் அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான்.

இவர்களுடைய பாஷையே தனி. தொண்ணூறு வயதுத் தாத்தாவானாலும், மீசை முளைக்காத பையனானாலும், ஆணாக இருந்தால் 'ஓ.எம்.' அதாவது கிழவர். பெண்ணாக இருந்தால் 'ஒய்.எல்.' அதாவது இளம் பெண். ஆஹா, எவ்வளவு நாகரிகம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். மனைவிக்கு என்ன பெயர் தெரியுமோ? 'எக்ஸ்.ஒய்.எல்.' முன்னாள் இளம் பெண்! கல்யாணமான புதிதில் இவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னை யாருக்கோ அப்படி அறிமுகம் செய்தார். அர்த்தம் தெரியாமல் நானும் புன்னகை செய்துகொண்டு நின்றேன்.

சரி, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் மனிதரைப் பிடித்து இவர்கள் என்னதான் பேசுகிறார்கள்? ஒருநாள் கதவருகில் நின்று கேட்டேன். உம்முடைய பெயர் என்ன? ஊர் எது? என் குரல் எப்படிக் கேட்கிறது? என்ன கருவி வைத்திருக்கிறீர்? இவ்வளவுதான். வியாபாரம் பேசக் கூடாது என்பது சட்டம். அரசியலும் மதமும் பேசாமலிருப்பது மரியாதை. பாக்கி என்ன இருக்கிறது? வானிலைதான். "இங்கே மழை; அங்கே எப்படி?" "இங்கே பனி." "அப்படியா! நல்லது, வணக்கம்." இதற்காக இவர் விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார். மழையா வெயிலா என்று தெரிய வேண்டுமானால் ஜன்னலைத் திறந்தால் போதாதோ?

ஆனால் இந்த வானிலைப் பேச்சுக்கு உள்ளே ஒரு சூட்சுமம் உண்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. யாரும் அகப்படாத நாட்களில் பழியைப் போட ஓர் ஆள் வேண்டுமே! "வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் சரியில்லை" என்பார். "காற்றில் ஈரம் ஜாஸ்தி" என்பார். தாம் பற்றவைத்த ஈயம் விட்டுப்போயிருக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு வருஷம் மூன்று வாரம் சேர்ந்தாற்போல் ஒன்றுமே கேட்கவில்லை. தினமும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வெப்பநிலை, மேகம், காற்று எல்லாம் எழுதிக் கோடு கிழித்துப் படம் போட்டு, மழை வருவதற்கு நாலு நாள் முன்னதாகவே அலைகள் படுத்துவிடுகின்றன என்று ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். அந்தச் சமயத்தில் நான் வடாம் பிழிய மொட்டை மாடிக்குப் போனேன். ஏரியலும் கேபிளும் சேருகிற இடத்தில் ஒரு காக்கை குடித்தனம் வைத்திருந்தது. சுள்ளி கிடைக்காத பட்டணத்துக் காக்கை பாருங்கள், பாதிக் கூட்டைக் கம்பித் துண்டுகளாலேயே கட்டியிருந்தது. கம்பியும் கம்பியும் ஒட்டிக்கொண்டால் அலை எங்கே போகும்? குஞ்சுகள் பறந்துபோகிற வரையில் காத்திருந்து கூட்டை எடுத்தோம். வானிலை உடனே சீராகிவிட்டது.

ஆராய்ச்சி என்பது தொத்து வியாதி. கொஞ்ச நாளில் எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஆளுக்கொரு சித்தாந்தம் வைத்துக்கொண்டார்கள்.

என் மாமியாருடையது நனைந்த அலைச் சித்தாந்தம். மழையில் அலைகள் நனைந்து கனத்துப் போகின்றன. கனத்தது கீழேதானே விழும்? பாதி அலைகள் கடலில் விழுந்துவிடுகின்றன, மீதி வந்து சேருவது நம் அதிர்ஷ்டம் என்பது அவர் கட்சி. இதற்கு ஓர் உபசித்தாந்தமும் உண்டு. "ஏண்டா, கம்பியை அவ்வளவு உயரத்தில் கட்டினால் பக்கத்திலே விழுகிறதை எப்படிப் பிடிப்பாய்? அண்டாவைக் கூரை மேலேயா வைப்பார்கள்? கீழே கட்டேன்" என்று பிள்ளையைக் கேட்பார். பிள்ளை சிரிப்பார்.

மாடி வீட்டு ஹெட்மாஸ்டர் மாமாவுடையது காற்றுச் சித்தாந்தம். ரிடையரான தமிழாசிரியர் அவர். தென்றல் அடித்தால் கொழும்பு வரும், மேல்காற்று அடித்தால் பெங்களூர் வரும், வாடை அடித்தால் டில்லி வரும்; கீழ்க்காற்றில் மீன் வாசனைதான் வரும் என்பார். சாட்சி கேட்டால் ரேடியோ சிலோனைக் கூப்பிடுவார். அவருடைய இளமையில் பகலெல்லாம் இழுத்துக்கொண்டிருந்த கொழும்பு, சாயங்காலம் கடற்காற்று வீச ஆரம்பித்ததும் கணீரென்று காதருகில் பாடுமாம். நாற்பது வருஷம் பையன்களைப் பெஞ்சின் மேல் ஏற்றியவரோடு யார் வாதாடுவது?

எனக்கும் ஒரு சித்தாந்தம் இருந்தது, சொல்ல வெட்கமாயிருக்கிறது. அக்கினி நட்சத்திரத்து மத்தியானத்தில் நாமெல்லாம் பாயை விரித்துப் படுத்துவிடுகிறோமே, அதுபோல் அலைகளும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகின்றன என்பதுதான். பன்னிரண்டு மணிக்கு இவருடைய கருவியில் தூர தேசம் எதுவும் வராது. நாலரை மணிக்குக் காப்பி போடும்போது ஒவ்வொன்றாக எழுந்து வரும். இதற்கு மேல் என்ன ருசு வேண்டும்?

இவற்றை எல்லாம் இவர் மற்ற ஹாம்களுக்குச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்தக் கூட்டத்துக்குக் கேலி பரம்பரைச் சொத்து. அமெரிக்க ஹாம்களின் சங்கத்தை 1914-ல் ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் என்பவர். மெஷின் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவருக்குப் பிள்ளை. அப்பா துப்பாக்கியைச் சத்தம் போட வைத்தார். பிள்ளை அந்தச் சத்தத்தை அடக்கும் குழாயைக் கண்டுபிடித்தார். ஆனால் ரேடியோவின் கரகரப்பை மட்டும் அவராலும் அடக்க முடியவில்லை. ஆகையால், 'கிழவர்' என்ற புனைபெயரில் தம் சங்கத்துப் பத்திரிகையில் அதைத் திட்டித் திட்டி எழுதினார். ஒழுங்கில்லாமல் பேசுகிற ஹாம்களைத் தண்டிக்க 'வூஃப் ஹாங்' என்று ஒரு பயங்கர ஆயுதம் இருப்பதாகவும் எழுதினார். 1919-ல் மெய்யாகவே கட்டையால் செய்த கோணல்மாணலான ஒரு வஸ்து சங்கத்தின் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அதை எப்படிப் பிடிப்பது, எங்கே அடிப்பது என்று யாருக்கும் தெரியாது. பத்திரமாக வைத்திருக்கிறார்கள்! அதே பத்திரிகையில் ஏப்ரல் மாதம் வந்தால், தலைகால் புரியாத கண்டுபிடிப்புகளை வெகு கம்பீரமான விஞ்ஞான நடையில் வெளியிடுவதும் உண்டு. எங்கள் மாமியாரை அவர்களுக்குத் தெரியாமல் போனது நஷ்டம்தான்.

இனி உண்மைக்கு வருவோம். பயப்படாதீர்கள், அடுப்பில் பால் வைத்திருந்தாலும் பொங்குவதற்குள் முடித்துவிடுகிறேன்.

மழை, மேகம், புயல், இடி எல்லாம் நடப்பது பூமியை ஒட்டிய கீழ்த்தட்டில். நம் பக்கத்தில் அது சுமார் 16, 17 கிலோமீட்டர் உயரத்தோடு சரி. தூர தேசத்துக்குப் போகிற சிற்றலைகளை மடக்கித் திருப்பி அனுப்புகிற கண்ணாடியோ 250 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது. சூரிய ஒளி பட்டு மின்னேற்றம் பெற்ற காற்று அது. தரைத் தளத்து வீட்டில் குழம்பு தீய்ந்தால் பன்னிரண்டாவது மாடியில் இருப்பவருக்கு என்ன வந்தது? அவ்வளவுதான் சம்பந்தம்.

மார்க்கோனி 1901 டிசம்பர் 12-ந் தேதி நியூபவுண்ட்லாந்தில் பலத்த காற்றில் ஒரு காற்றாடியைப் பறக்கவிட்டு, அதில் கம்பியைக் கட்டி, இங்கிலாந்திலிருந்து வந்த குறியைக் கேட்டதாக அறிவித்தார். பூமி உருண்டையாயிற்றே, அலை எப்படி வளைந்து வந்தது என்று பெரிய பெரிய மூளைகளெல்லாம் விழித்தன. மேலே ஒரு தட்டு இருக்க வேண்டும் என்று மறு வருஷமே இரண்டு பேர் ஊகித்தார்கள். அது இருப்பதை ஆப்பிள்டன் 1924-ல் நிரூபித்தார். 1947-ல் நோபல் பரிசு வாங்கினார்.

ஆக, அந்தக் கண்ணாடிக்கு எஜமானன் மழை அல்ல, சூரியன். சூரியன் முகத்தில் புள்ளிகள் சுமார் பதினோரு வருஷத்துக்கு ஒரு தடவை பெருகிக் குறைகின்றன. நம் கொடைக்கானல் மலையில் 1899-ல் அமைந்த வானாராய்ச்சி நிலையத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக இந்தப் புள்ளிகளைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். புள்ளி நிறைய இருந்தால் இவருக்குக் குஷி. மேலே கண்ணாடி பளபளவென்று இருக்குமாம். ஆனால் அதே சூரியன் திடீரென்று சீறினால், எட்டு நிமிஷத்தில் பகல் பக்கம் முழுவதும் சிற்றலைகள் அமுங்கிப் போகும். 1989 மார்ச்சில் அடித்த சூரியப் புயலில் கனடாவின் க்யூபெக் மாகாணமே மணிக்கணக்காக இருட்டில் கிடந்தது. 2024 மே மாதத்துப் புயலில் லடாக்கில்கூட வானம் சிவந்தது. அந்த இரண்டு நாளும் இவர் முகமும் சிவந்திருந்தது. ஓர் ஆளும் அகப்படவில்லை.

இப்போது என் தூக்கச் சித்தாந்தத்துக்கு வாருங்கள். உச்சி வெயிலில் அந்தக் கண்ணாடிக்குக் கீழே, சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், இன்னொரு தட்டு தடித்துக்கொண்டு நீண்ட அலைகளை விழுங்கிவிடுகிறதாம். சூரியன் சாய்ந்தால் அதுவும் கரைந்துவிடும். கொழும்பு சாயங்காலத்தில் கணீரென்று வந்ததற்கும் அதுவே காரணம். ஹெட்மாஸ்டர் மாமாவின் கடற்காற்று இல்லை. நான் சொன்னது மத்தியானத் தூக்கம் என்றால் இவர் சொல்லுவது மத்தியானத்து விழுங்கல். பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்காக வானிலை அடியோடு நிரபராதி என்றும் விட்டுவிட முடியாது. மின்னல் வெட்டினால் ரேடியோவில் 'படார்' என்று கேட்பது குழந்தைக்கும் தெரியும். கடற்கரையோரத்து வீடுகளில் உப்புக் காற்று ஏரியலில் படிந்து கரகரக்கும். தொலைக்காட்சி, எஃப்.எம். வகையைச் சேர்ந்த குட்டை அலைகளுக்கு அந்த மேல் கண்ணாடி உதவாது; அவை நேராகப் போய் மறைந்துவிடும். ஆனால் கடல் மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் சூடான காற்றும் படுக்கை விரித்தாற்போல் படிந்தால், நடுவில் ஒரு குழாய் மாதிரி ஆகி அலைகள் அதற்குள்ளேயே வெகு தூரம் ஓடும். 1957 ஜூலையில் கலிபோர்னியாவில் ஒரு ஹாமும் ஹவாய்த் தீவில் ஒரு ஹாமும் இந்தக் குழாய் வழியே, சுமார் 4,000 கிலோமீட்டர் தாண்டிப் பேசிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 1980-களில் நம் தென் கடற்கரை ஊர்களில் உயரமான கம்பம் நட்டு இலங்கை ரூபவாஹினியைப் பார்க்கவில்லையா? "இன்றைக்குப் படம் தெளிவு, நேற்றுப் புள்ளி" என்று சொன்ன அத்தனை குடும்பமும், தெரியாமலே வானிலை ஆராய்ச்சி செய்தவர்கள்தாம்.

இன்னொரு விஷயத்தில் என் மாமியார் இவரை ஜெயித்தே விட்டார். மாமனார் காலத்துப் பெரிய வால்வு ரேடியோவுக்கு 'எர்த்' கம்பி ஒன்று உண்டு. கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு அதில் இறக்கியிருந்தார்கள். மாமியார் தினமும் துளசிக்கு ஊற்றிவிட்டு அந்தக் குழிக்கும் ஒரு சொம்பு ஜலம் விடுவார். "ரேடியோவுக்குத் தாகம்" என்பார். சின்ன வயதில் இவர் அதைக் கேட்டுக் கைகொட்டிச் சிரிப்பாராம். பிற்பாடு பரீட்சைக்குப் படிக்கும்போதுதான், மண் ஈரமாக இருந்தால் எர்த் நன்றாகப் பிடிக்கும் என்பதைப் புத்தகத்தில் பார்த்தார். பார்த்ததை நாலு வருஷம் அம்மாவிடம் சொல்லவில்லை!

* * *

இவ்வளவு நேரம் சிரித்தாயிற்று. 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

வர்தா புயலைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலையிலிருந்து அடித்த காற்று பிற்பகலில் திக்கு மாறி அடித்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம். எங்கள் தெருவில் நிழலுக்கென்று இருந்த தூங்குமூஞ்சி மரம், வேரோடு பெயர்ந்து மின்சாரக் கம்பியின் மேல் சாய்ந்தது. மொட்டை மாடியில் இருந்த இவருடைய கம்பமும் ஏரியலும் போன இடம் தெரியவில்லை. மின்சாரம் போயிற்று, டெலிபோன் போயிற்று, கைப்பேசி வெறும் கடிகாரமாயிற்று.

மாடி வீட்டில் ஹெட்மாஸ்டர் மாமா மட்டும் தனியாக இருந்தார். மாமி பத்து நாள் முன்பே பெங்களூருக்குப் போயிருந்தார், பெண்ணுக்குத் தலைப்பிரசவம். 'இன்றோ நாளையோ' என்று ஞாயிற்றுக்கிழமை இரவு பேசியதுதான் கடைசி. திங்கள் போயிற்று, செவ்வாயும் போயிற்று. மாமா படியிறங்கி வருவார்; தெருமுனை வரை போவார்; கைப்பேசியை மேலே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்; திரும்பி வருவார். சித்தாந்தம் எதுவும் பேசவில்லை. அங்கே மாமியும் பெண்ணும் இவரை நினைத்து என்ன பாடு படுகிறார்களோ என்று நினைத்தபோது எனக்குச் சாதம் இறங்கவில்லை.

எங்கள் மாமியார்தான் ஆரம்பித்தார். "ஏண்டா, முப்பது வருஷமாய்ப் பேசினாயே, யார் யாரிடமோ மழையா வெயிலா என்று. இப்போது இந்த மனுஷனுக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

"ஏரியல் இல்லையே, அம்மா!"

"கொல்லையிலே கொடி கட்டுகிற கம்பம் இரண்டும் நிற்கிறதே, அது போதாதா?"

இவர் ஒரு நிமிஷம் அம்மாவையே பார்த்தார். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, டில்லியிலிருந்து போய்ப் போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் வைத்திருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, டெலிபோன் செத்துக் கிடந்த அந்தமானிலிருந்து எத்தனையோ குடும்பங்களுக்குத் தகவல் அனுப்பியதை இவர்தான் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! நியாயமாக அப்போதே இவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கம்பம் விழுந்த துக்கத்தில் தோன்றவில்லை போலிருக்கிறது.

புதன்கிழமை காலை. பக்கத்துக்குப் பத்து மீட்டராக இருபது மீட்டர் கம்பியைத் துணிக் கொடி உயரத்தில் கட்டினோம். நான்தான் ஒரு முனையைப் பிடித்தேன். காரிலிருந்து பாட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்தார். குழாயைத் திருப்பினாற்போல் கருவி உயிர் பெற்றது. பெற்றதும், இவர் கையை உதறிக்கொண்டு "செட்டும் போயிற்று!" என்றார். ஏனென்றால் எப்போதும் கேட்கும் அந்த 'கர்ர்ர்' சத்தமே இல்லை.

செட் போகவில்லை. எங்கள் பேட்டையில் மின்சாரம் இல்லையல்லவா? மோட்டார் இல்லை, மிக்ஸி இல்லை, விளக்கு இல்லை, டெலிவிஷன் இல்லை. இத்தனை வருஷமும் காற்றழுத்தம், ஈரம் என்று இவர் எழுதி வைத்த கரகரப்பில் முக்கால் பங்கு, அக்கம்பக்கத்து வீடுகளின் மின்சாரச் சாமான்களிலிருந்து வந்தது! குளத்தில் கல் விழுந்தாற்போல் அவ்வளவு தெளிவாக ஒரு குரல் கேட்டது. பெங்களூர்க்காரர்.

இவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்லுகிறேன்: "ஏரியல் உயரமாக இருந்தால் அலை தூரமாகப் போகும். தாழ்வாக இருந்தால் நெட்டுக்குத்தாக மேலே போய்க் குடைபோல் விரிந்து பக்கத்து ஊர்களில் விழும். பெங்களூருக்கு இதுவே மேல்." என் மாமியார் உள்ளே போய்க் காப்பிக்கு ஜலம் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் இவருக்கு ரொம்பவும் உறைத்திருக்கும்.

மாமாவிடம் நம்பரை வாங்கி இவர் வாசித்தார். பெங்களூர்க்காரர் தம் வீட்டுப் போனிலிருந்து மாமியைக் கூப்பிடுவதாகச் சொன்னார். நாங்கள் காத்திருந்தோம். லைசென்ஸ் இல்லாதவர் மைக்கில் பேசக் கூடாதென்று மாமா நாற்காலியின் நுனியில் கையைக் கட்டிக்கொண்டு, பெஞ்சின் மேல் ஏற்றப்பட்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

குரல் திரும்பி வந்தது. "ஓ.எம்., எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை இரவு பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். தாயும் குழந்தையும் சௌக்கியம். பாட்டி அழுகிறார். தாத்தா பத்திரமாக இருக்கிறார் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னார்."

மாமா மேல்துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "குழந்தைக்கு மூக்கு யார் மாதிரி என்று கேட்கலாமா? சட்டத்தில் இடமுண்டா?" என்றார்.

கேட்டோம். மறுபடியும் போன் செய்து விசாரித்துவிட்டுப் பதில் சொன்னார் அந்தப் புண்ணியவான். தாத்தா மாதிரியாம். பிறகு, இவர்களால் சும்மா இருக்க முடிகிறதா? "அங்கே வானிலை எப்படி, ஓ.எம்.?" என்று கேட்டார்.

இவர் திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா விரலை எச்சிலில் நனைத்து உயரத் தூக்கிப் பிடித்தார். இரண்டு நாளைக்குப் பிறகு முகத்தில் பழைய ஹெட்மாஸ்டர் வந்துவிட்டார்.

"மேல்காற்று என்று சொல்லுங்கள்! நான்தான் சொல்லியிருக்கிறேனே, மேல்காற்று இல்லாமல் பெங்களூர் வராது!"

கைப்பிடிச் சுவரின் மேல் நான் உலர்த்தியிருந்த புடவை மேற்குப் பக்கமாகப் படபடவென்று பறந்துகொண்டிருந்தது. மாமியார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவர் மைக்கை எடுத்து, "மேல்காற்று" என்றார்.